ஒரு இயந்திரப் பொறியாளரும் பதினெட்டு உளவு அமைப்புகளும்

2021 ஆகஸ்டில் அமெரிக்க செனட், ஸ்டேசி டிக்சனின் நியமனத்துக்கு ஒப்புதல் தந்தது. பதவியின் பெயர் கொஞ்சம் நீளம்: தேசிய உளவுத்துறை முதன்மைத் துணை இயக்குநர். சிஐஏ, ஒட்டுக்கேட்பு வேலை பார்க்கும் என்எஸ்ஏ, உளவுச் செயற்கைக்கோள்களை இயக்கும் என்ஆர்ஓ, எஃப்பிஐயின் உளவுப் பிரிவு என்று அந்த நாட்டில் 18 உளவு அமைப்புகள் இருக்கின்றன. அவற்றை ஒருங்கிணைக்கும் அலுவலகத்தில் இது இரண்டாவது நாற்காலி. முதல் நாற்காலியில் அவ்ரில் ஹெய்ன்ஸ், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். இரண்டாவதில் டிக்சன். அமெரிக்க உளவுத்துறையில் அதுவரை எந்தக் கறுப்பினப் பெண்ணும் அவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை.

டிக்சன் ஒற்றர் வேலை பார்த்து மேலே வந்தவர் இல்லை. அவர் வாஷிங்டன்காரர். ஸ்டான்ஃபோர்டில் இளநிலை, ஜார்ஜியா டெக்கில் முதுநிலையும் முனைவர் பட்டமும் முடித்தார். மூன்றுமே இயந்திரப் பொறியியல், நம் பிள்ளைகள் ‘மெக்கானிக்கல்’ என்று சொல்லும் அதே பாடம். அங்கிருந்து இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘முதல் கறுப்பினப் பெண்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பெருமைக்குரிய செய்திதான், ஆனால் வழி எது என்பதை அது சொல்வதில்லை. அவர் பணிப்பட்டியலை வரிசையாகப் படித்தபோது என் கண் நின்ற இடம் வேறு. ஆய்வகத்தையும் செயற்கைக்கோளையும் விட்டு இறங்கி, நாடாளுமன்றக் குழு ஒன்றில் உட்கார்ந்து வரவு செலவு பார்த்த வருடங்கள் அவருக்கு உண்டு. பொறியாளர்கள் வழக்கமாக ஒதுங்கிப் போகும் வேலை அது. அவர் உயர்வின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

அர்லிங்டன் ஹால், 1944

கறுப்பினப் பெண்களுக்கு இந்த வேலைக்கான திறமை 2021இல்தான் வந்தது என்று யாராவது நினைத்தால் அது தவறு. வர்ஜீனியாவில் அர்லிங்டன் ஹால் என்று ஒரு பெண்கள் கல்லூரி இருந்தது. 1942இல் ராணுவம் அதை எடுத்துக்கொண்டு, எதிரிகளின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் மையமாக மாற்றியது. பல ஆயிரம் பேர் வேலை பார்த்தார்கள், பெரும்பாலானவர்கள் பெண்கள். அதே வளாகத்தில், தனியாக ஒதுக்கப்பட்ட அறையில், கறுப்பினத்தவர் மட்டுமே கொண்ட ஒரு பிரிவும் இருந்தது. வெள்ளையர் பலருக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே தெரியாது.

அதன் தலைவர் வில்லியம் காஃபி. கல்லூரியில் ஆங்கிலம் படித்த அவரை அங்கே முதலில் எடுத்தது துப்புரவு வேலைக்கு. பிறகு கடிதம் சுமக்கும் வேலை கொடுத்தார்கள். 1944இல்தான் சங்கேத வேலைக்கு மாற்றினார்கள். அவருடைய பிரிவுக்கு வந்த வேலை வணிகச் சங்கேதங்கள். எந்த வங்கி, எந்த நிறுவனம் எதிரி நாடுகளோடு வியாபாரம் செய்கிறது என்பதை, குவிந்து கிடக்கும் தந்திகளிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். அதில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். செயலாளராகச் சேர்ந்த ஆனி பிரிக்ஸ் பிறகு உற்பத்திப் பிரிவை நடத்தினார். எதெல் ஜஸ்ட் மொழிபெயர்ப்பாளர் அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கினார்.

அந்தக் கதவு தானாகத் திறக்கவும் இல்லை. ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற தொழிற்சங்கத் தலைவர், வாஷிங்டனை நோக்கிப் பெரும் பேரணி நடத்துவோம் என்று 1941இல் நெருக்கியதால்தான், பாதுகாப்புத் துறை வேலைகளில் இனப் பாகுபாடு கூடாது என்ற ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். ஆணை வந்த பிறகும் தனி அறைதான். போர் முடிந்ததும் என்எஸ்ஏவின் முன்னோடி அமைப்பில் கறுப்பினத்தவர் பலரை ஒலிநாடா, அச்சுப்பொறி என்று ஒரே மாதிரியான கைவேலையில் வைத்தார்கள். பட்டம் பெற்றவர்களும் அதில் இருந்தார்கள். இந்தக் கதையை என்எஸ்ஏவின் வரலாற்றுப் பிரிவே 2001இல்தான் தனி வெளியீடாகக் கொண்டுவந்தது. தங்கள் வேலையைப் பற்றி வீட்டில்கூடப் பேச முடியாமல் வாழ்ந்து முடித்த அந்தப் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

இன்னொரு பெயரும் இங்கே வர வேண்டும்: கிளாடிஸ் வெஸ்ட். வர்ஜீனியாவில் விவசாயக் குடும்பத்தில் 1930இல் பிறந்த கணிதவியலாளர். 1956இல் டால்கிரென் கடற்படை ஆய்வு மையத்தில் சேர்ந்தபோது அங்கே கறுப்பினத்தவர் மொத்தம் நான்கு பேர். பூமி சரியான உருண்டை இல்லை. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுகிறது, கடல் மட்டமும் அதற்கேற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. செயற்கைக்கோள் அளவீடுகளைக் கணினியில் ஏற்றி, அந்த மேடு பள்ளங்களோடு பூமியின் வடிவத்தைக் கணக்கிடுவது அவர் வேலை. ஜிபிஎஸ்ஸுக்கு அடித்தளமான கணக்குகள் அந்த வகையைச் சேர்ந்தவை. இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலகளாவிய பூமி அளவீட்டு முறையைப் பராமரிக்கும் அமைப்பு, சுருக்கமாக என்ஜிஏ எனப்படும் தேசிய புவிவெளி உளவு முகமை. அதன் எட்டாவது துணை இயக்குநராக 2019இல் பொறுப்பேற்றவர் டிக்சன்.

தமனித் துண்டும் குறைந்த சோதனைகளும்

டிக்சனின் முனைவர் ஆய்வு ஏவுகணை பற்றியதோ விண்கலம் பற்றியதோ இல்லை, இதயத் தமனிகள் பற்றியது. ரத்தக் குழாயின் சுவர் இரும்பு போல ஒரே சீராக நீளாது. கொஞ்சம் இழுத்தால் இளகிக் கொடுக்கும், மேலும் இழுத்தால் திடீரென இறுகும். சுற்றுவாக்கில் ஒரு மாதிரி, நீளவாக்கில் வேறு மாதிரி. இந்தத் துறையில் தமனித் துண்டின் உள்ளே திரவ அழுத்தம் ஏற்றி, இரு முனையும் பிடித்து நீட்டி, விட்டம் எவ்வளவு மாறுகிறது என்று அளப்பார்கள். அந்த எண்களிலிருந்து சுவரின் குணத்தைச் சொல்லும் சமன்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

தமனித் துண்டோ உயிர்த் திசு, நேரம் ஆக ஆகக் கெட்டுப்போகும். ஆயிரம் சோதனை செய்ய அவகாசம் கிடையாது. எந்த அழுத்தம், எந்த நீட்சி என்ற சேர்க்கைகளில் சிலவற்றை மட்டும் முன்கூட்டியே யோசித்துத் தேர்ந்தெடுத்தால், குறைந்த சோதனையில் அதிகத் தகவல் கிடைக்கும். திட்டமிட்ட சோதனை முறை என்று புள்ளியியலில் இதற்குப் பெயர். டிக்சன் அந்த முறையைத் தமனிக்குப் பயன்படுத்தினார்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. உளவு வேலையும் இதே சிக்கல்தான். அரைகுறைத் தகவல், கெட்டுப்போகும் நேரம், அடுத்து எதை அளந்தால் அதிகம் தெரியவரும் என்ற தேர்வு. பொறியியல் படிப்பு அவருக்குக் கொடுத்தது செயற்கைக்கோள் அறிவைவிட இந்தப் பழக்கம்தான் என்பது என் கணிப்பு.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு முடித்து, 2003இல் சிஐஏவில் சேர்ந்தார். அங்கிருந்து என்ஆர்ஓவின் மேம்பட்ட தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். என்ஆர்ஓ 1961இல் தொடங்கப்பட்டது. அப்படியொரு அமைப்பு இருப்பதையே 1992 வரை அரசு ஒப்புக்கொண்டதில்லை. டிக்சன் அங்கே போன காலம் அந்த அமைப்புக்குச் சோதனையான காலம். புதிய தலைமுறை உளவுச் செயற்கைக்கோள் திட்டம் ஒன்றின் ஒளிப்படப் பகுதி, பல நூறு கோடி டாலர் செலவான பிறகு 2005இல் கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தில் சிக்கிக்கொண்டது தொழில்நுட்பம் மட்டும் இல்லை. செலவு மதிப்பீடு, மேற்பார்வை, யார் யாருக்கு என்ன வாக்குறுதி கொடுத்தார்கள் என்பது எல்லாமே சேர்ந்து சிக்கியது.

குழு அறை

அப்புறம்தான் டிக்சன் பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைத்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் நிரந்தர உளவுத் தேர்வுக் குழுவில் பணியாளராகச் சேர்ந்தார். பிறகு அதன் வரவு செலவு இயக்குநர் ஆனார்.

இந்தக் குழு ஏன் பிறந்தது என்பது இந்தக் கதையின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். 1963இல், மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க எஃப்பிஐ அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் கென்னடியிடம் அனுமதி வாங்கியது. அடுத்த வருடம் கிங்கை மிரட்டும் பெயரில்லாக் கடிதம் ஒன்று அவருக்குப் போனது. அனுப்பியது எஃப்பிஐ. 1975இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. சொந்தக் குடிமக்களை வேவு பார்த்தது, குறிப்பாகக் கறுப்பின உரிமை இயக்கங்களைக் கலைக்கத் திட்டம் போட்டது, எல்லாம் ஆவணங்களோடு அம்பலமானது. அதன் விளைவாகத்தான் 1976இல் செனட்டிலும் 1977இல் பிரதிநிதிகள் சபையிலும் உளவுத்துறையைக் கண்காணிக்கும் நிரந்தரக் குழுக்கள் அமைக்கப்பட்டன.

ஆகவே அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் உளவு அமைப்புகள் மீது இருக்கும் சந்தேகம் காரணமில்லாத பயம் இல்லை, அனுபவத்தில் வந்தது. அந்தச் சமூகத்திலிருந்து ஒரு பெண் இந்தத் துறையில் சேர்வதே எளிய முடிவாக இருக்காது. டிக்சன் சேர்ந்ததோடு நிற்கவில்லை. அந்தக் கொடுமை அம்பலமானதால் பிறந்த குழுவில், உளவு அமைப்புகளிடம் கணக்குக் கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார். அவர் வாழ்க்கைப் பாதையில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது? ஒவ்வோர் ஆண்டும் எல்லா உளவு அமைப்புகளும் பணம் கேட்டு வரும். ரகசியத் திட்டம் என்பதால் பத்திரிகை கேட்காது, பொதுத் தணிக்கை மேலோட்டமாகக்கூடத் தொடாது, மக்களுக்குத் தெரியாது. நாட்டு மக்களின் சார்பில் உள்ளே போய்ப் பார்க்க இரண்டு சபைகளின் குழுக்களில் இருக்கும் உறுப்பினர்களும் அவர்களுடைய சிறிய பணியாளர் கூட்டமும்தான் உண்டு. இந்தக் கருவி எப்போது முடியும், போன வருடம் சொன்ன தேதி ஏன் தள்ளிப்போனது, இன்னொரு அமைப்பிடம் இதே மாதிரி ஒன்று ஏற்கனவே இருக்கிறதே, இதை நிறுத்தினால் எது நிற்கும் என்று அவர்கள் கேட்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் தொழில்நுட்ப வார்த்தைகளால் சுவர் எழுப்பினால், சட்டம் படித்த ஒருவர் தயங்கலாம். சமன்பாடு போட்டுப் பழகிய ஒருவர் தயங்க மாட்டார்.

அங்கே இருந்ததால் அவருக்கு இன்னொன்றும் கிடைத்தது. ஒரே அமைப்புக்குள் வளர்ந்தவர்களுக்குத் தங்கள் வீடு மட்டும்தான் தெரியும். குழுவில் இருந்தவருக்கு எல்லா வீடுகளின் அடுப்பங்கரையும் தெரியும். பத்து வருடங்களுக்குப் பிறகு 18 அமைப்புகளை ஒருங்கிணைக்கும் பதவிக்கு ஆள் தேடியபோது, அந்தத் தகுதி சாதாரணமானதாக இருந்திருக்காது.

குழுவை விட்டு என்ஜிஏவுக்குப் போனபோதும் அவர் முதலில் பார்த்தது நாடாளுமன்றத் தொடர்பு வேலை. பிறகு தகவல் தொடர்புப் பிரிவு, அதன் பிறகு ஆய்வுப் பிரிவின் துணைத் தலைமை. ஏணியில் நேராக ஏறியதுபோல இருக்காது இந்தப் பாதை. ஆனால் ஒவ்வொரு நகர்விலும், முந்தைய இடத்தில் கற்றது அடுத்த இடத்தில் பயன்பட்டிருக்கிறது.

ஆய்வுக்குப் பணம் கொடுக்கும் இடம்

2016இல் டிக்சன் ஐயார்ப்பாவின் துணை இயக்குநரானார். 2018இல் இயக்குநர். உளவுத்துறைக்கான முன்னோடி ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்கும் சிறிய அமைப்பு இது. தனக்கென்று ஆய்வகம் கிடையாது. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் போட்டி போட்டுச் செய்யும். திட்ட மேலாளர்கள் சில வருடங்களுக்கு மட்டும் வருவார்கள், பிறகு போய்விட வேண்டும். ஒரே சிக்கலைப் பல அணிகளிடம் கொடுத்து, அணிகளோடு சம்பந்தமில்லாத வேறொரு குழுவை வைத்து முடிவுகளை எண்ணால் அளப்பார்கள். தோற்றால் திட்டம் மூடப்படும், அதில் வெட்கம் கிடையாது.

இந்த அமைப்புக்கும் தமிழுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. டிக்சன் வருவதற்கு முன்பே தொடங்கிய பேபல் என்ற திட்டம், கணினிக்குப் போதிய தரவு இல்லாத மொழிகளில் தொலைபேசிப் பேச்சைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறைகளை உருவாக்கியது. கேண்டனீஸ், பஷ்தோ, துருக்கி, வங்காளம், அசாமி, ஜூலு என்று மொழிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு ‘திடீர் மொழி’ உண்டு. எந்த மொழி என்று அணிகளுக்கு முன்னால் சொல்ல மாட்டார்கள், குறுகிய அவகாசத்தில் புதிய மொழிக்கு அமைப்பை உருவாக்கிக் காட்ட வேண்டும். 2014இல் அந்தத் திடீர் மொழி தமிழ். அதற்காகச் சேகரித்த சில நூறு மணி நேரத் தமிழ்த் தொலைபேசி உரையாடல்கள் பிறகு ஆய்வாளர்களுக்குத் தொகுப்பாக வெளியிடப்பட்டன. பேச்சுத் தமிழைக் கணினிக்குப் புரியவைக்க முயன்றவர்களுக்கு அது பயன்பட்டது. நம் பேச்சு ஓர் உளவு அமைப்பின் தேர்வுத்தாளாக இருந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. கருவி ஒன்றுதான், அது யார் கையில் எதற்குப் பயன்படும் என்பதற்குத்தான் மேற்பார்வை வேண்டும்.

பணம் கேட்கிறவர், பணத்துக்குக் கணக்குக் கேட்கிறவர், பணம் கொடுக்கிறவர் என மூன்று பக்கமும் நின்றவர் டிக்சன்.

என்ஜிஏ துணை இயக்குநராக அவர் இருந்தபோதுதான் கோவிட் வந்தது. 2020 மார்ச்சில் உலகமே வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போனது. ரகசியச் செயற்கைக்கோள் படங்களை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. வாசலிலேயே கைபேசியை வைத்துவிட்டுப் போக வேண்டிய, ஜன்னல் இல்லாத அறைகளில் செய்யும் வேலை அது. ஆட்களை முறைவைத்து வரவழைத்து, வேலை நிற்காமலும் நோய் பரவாமலும் பார்த்துக்கொள்வது தலைமையின் அன்றாடக் கவலையாக இருந்தது. அதே காலத்தில் செயின்ட் லூயிஸ் நகரில் 170 கோடி டாலரில் புதிய வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது.

இரண்டாவது நாற்காலி

செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன் கையில் இருந்த தகவல்களை அமைப்புகள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளவில்லை என்று விசாரணை ஆணையம் சொன்னது. அதனால் 2004இல் சட்டம் போட்டு உருவாக்கியதுதான் தேசிய உளவுத்துறை இயக்குநர் அலுவலகம். இயக்குநர் அதிபரிடம் பேசுவார். முதன்மைத் துணை இயக்குநர் வீட்டை நடத்துவார். ஆள், பணம், பாதுகாப்பு அனுமதி, அமைப்புகளுக்கிடையே வரும் சண்டை எல்லாம் அவர் மேஜைக்கு வரும். 2023 நிதியாண்டில் தேசிய உளவுத் திட்டத்துக்கு மட்டும் 7,170 கோடி டாலர். இந்த மொத்தத் தொகையை வெளியிட வேண்டும் என்பதே நாடாளுமன்றம் சட்டம் போட்டு வாங்கியது. குழுவில் கணக்குப் பார்த்தவர் இப்போது அதே கணக்குக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருந்தார்.

டிக்சன் வருவதற்கு முன் இரண்டு வருடங்கள் அந்த நாற்காலியில் செனட் ஒப்புதல் பெற்றவர் யாரும் இல்லை. 2019 ஆகஸ்டில் சூ கார்டன் விலகியதிலிருந்து அப்படித்தான். கார்டனும் என்ஜிஏ துணை இயக்குநராக இருந்து வந்தவர். அவருக்கு முன் இருந்த ஸ்டெஃபனி ஓசல்லிவன் கட்டடப் பொறியியல் படித்தவர். வரிசையாக மூன்று பெண்கள், அதில் இரண்டு பேர் பொறியாளர்கள். இது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். செயற்கைக்கோள், கணினி, பெரிய கொள்முதல் என்று உளவுத்துறை மாறிவிட்ட பிறகு, அதன் உள்நிர்வாகத்துக்குத் தொழில்நுட்பம் தெரிந்தவர் தேவைப்பட்டார். அந்தப் பிரிவுகளில் பெண்கள் பல வருடங்களாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, இந்த உயர்வு கீழே இருப்பவர்களுக்கு என்ன செய்தது? நேர்மையாகச் சொன்னால், ஒருவர் மேலே போனதால் படிக்கட்டு அகலமாகிவிடவில்லை. உளவுத்துறை நாடாளுமன்றத்துக்குத் தந்த ஆண்டறிக்கைகளில் ஒரே போக்குதான் திரும்பத் திரும்பத் தெரிந்தது. சேரும் இடத்தில் சிறுபான்மையினரின் பங்கு ஓரளவு இருக்கும், பதவி உயர உயர அது தேய்ந்துகொண்டே போகும். டிக்சன் 2025 ஜனவரி வரை பதவியில் இருந்தார். அதே மாதம் பதவியேற்ற டிரம்ப் அரசு, அரசுத் துறைகளில் சிறுபான்மையினருக்கும் பெண்களுக்கும் வாய்ப்பைக் கூட்டும் பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்த ஆணை பிறப்பித்தது. உளவு அமைப்புகளில் அந்த வேலை பார்த்த அலுவலர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள், அவர்களில் சிலர் வர்ஜீனியா நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த அலுவலர்களில் பலர் அந்தப் பிரிவில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. உளவு வேலையிலிருந்து தற்காலிகமாக அங்கே மாற்றப்பட்டவர்கள். பக்கவாட்டில் ஓர் அடி வைத்ததற்காகவே அவர்களுடைய வேலை ஆட்டம் கண்டது.

டிக்சனின் அலுவலகம் இருந்த லிபர்ட்டி கிராசிங் வளாகம் வர்ஜீனியாவின் மெக்லீனில் இருக்கிறது. அர்லிங்டன் ஹாலின் பழைய கட்டடம் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அர்லிங்டன் ஹால் வளாகத்தில் இப்போது அமெரிக்கத் தூதரக அலுவலர்களுக்கு மொழிகள் சொல்லிக் கொடுக்கிறார்கள். காஃபியின் பிரிவு வேலை பார்த்த இடத்திலிருந்து டிக்சனின் மேஜைக்குக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது.